நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்: குளிர் உடை வாங்கி ஏமாந்தது

ஸ்காட்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே என்று வடக்கே கிளம்புகிறவர்கள், அதிலும் பிள்ளைகளைப் பார்க்க முதல் தடவை போகும் என் வயதுக்காரர்கள், துணிமணி வாங்கக் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். 31,400 ரூபாய் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். 63 வயதில் என் வீட்டுக்காரர் மலையடிவாரத்தில் நனைந்து, பல் கிட்டித்து, சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் நின்றார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மகள் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் இருக்கிறாள். போன ஏப்ரல் கடைசியில் மூன்று வாரம் போய் வந்தோம். "அம்மா, கனமா எதுவும் வாங்காதே. மழைக்குத் தாங்குற மாதிரி மேல்கோட்டு ஒண்ணு இருந்தா போதும், மத்ததை இங்க பார்த்துக்கலாம்" என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். பவுண்டுக் கணக்கில் அவள் செலவழிக்க வேண்டாமே என்று நாங்கள் மதுரையிலேயே வாங்கிவிட முடிவு செய்தோம். வெளிநாட்டுப் பயணத்துக்கென்றே குளிர் உடை விற்கும் கடை ஒன்று. பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

"எந்த நாடுக்கா? ஸ்காட்லாந்தா? அதுக்குன்னே பேக்கேஜ் வெச்சிருக்கோம்" என்றார் கடைக்காரத் தம்பி. ஆளுக்கு ஒரு தடித்த ஜாக்கெட், இரண்டு செட் தெர்மல் (குளிருக்கு உடம்போடு ஒட்டிப் போடும் உள்ளுடை), கையுறை, குல்லா, காலுறை, பூட்ஸ். "மைனஸ் இருபது வரைக்கும் தாங்கும்" என்றார். மழைக்கு எப்படி என்று நான் தனியாகக் கேட்டேன். "ஃபுல் வாட்டர்ப்ரூஃப்க்கா, இங்க பாருங்க" என்று பாட்டிலிலிருந்து நாலு சொட்டு எடுத்து ஜாக்கெட் கையில் தெளித்தார். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டு கீழே ஓடியது. நம்பிவிட்டோம். தெர்மலில் 'நூறு சதம் கம்பளி' என்று சீட்டும் தொங்கியது.

எடின்பரோவில் இறங்கிய முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. அந்த ஊருக்கு மைனஸ் இருபது உடை தேவையே இல்லை. ஏப்ரல் கடைசியில் பகலில் 11, 12 டிகிரி, ராத்திரியில் 4, 5 டிகிரி. நம்மை வாட்டுவது அந்த எண் இல்லை, காற்றும் ஈரமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற வானமும்தான். காலையில் பளிச்சென்று வெயில். கால்டன் குன்றில் ஏறி நிற்கும்போதே கடலிலிருந்து 'ஹார்' என்று அவர்கள் சொல்லும் மூடுபனி வந்து எதிரில் இருக்கும் கோட்டையை மறைத்துவிட்டது. மத்தியானம் ஆலங்கட்டி. மூன்று மணிக்கு மறுபடி வெயில். பேருந்திலும் கடைகளிலும் சூடு போட்டிருப்பார்கள், உள்ளே நுழைந்ததும் வியர்க்கும். ஒரே தடித்த ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போட்டால் புழுங்குகிறது, கழற்றினால் உள்ளே மெல்லிய சட்டைதான். கையில் தூக்கிக்கொண்டே அலைந்தோம். ஒன்றே இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மடக்குக் குடையை முதல் நாளே காற்று திருப்பிக் கம்பியை ஒடித்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் குடை எடுப்பதே குறைவு.

இத்தனைக்கும் எடின்பரோவில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 700 மில்லிமீட்டர்தான், சென்னையில் பெய்வதில் ஏறக்குறையப் பாதி. நமக்கு அது ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அங்கே வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறிக்கொண்டே இருக்கும். மேற்குக் கரைக்குப் போய்விட்டால் கதையே வேறு. ஃபோர்ட் வில்லியம் பக்கம் எடின்பரோவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெய்கிறது. நாங்கள் மாட்டிக்கொண்டது அந்தப் பக்கத்தில்தான்.

மாப்பிள்ளை கார் எடுத்து, க்ளென்கோ பள்ளத்தாக்கு வழியாக ஸ்கை தீவுக்குக் கூட்டிப்போனார். அங்கே 'ஓல்டு மேன் ஆஃப் ஸ்டோர்' என்று செங்குத்தாக நிற்கும் பாறைக்கு நடை. கிளம்பும்போது தூறல்கூட இல்லை. அரை மணி நேரம் ஏறியிருப்போம், காற்றோடு மழை பக்கவாட்டில் அடிக்க ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் தோள்பட்டையில் ஜில்லென்று ஏதோ இறங்கியது. அப்புறம் முதுகு. உள்ளிருந்த செயற்கைப் பஞ்சு தண்ணீரைக் குடித்துக் குடித்து ஜாக்கெட் ஈரச் சாக்காகக் கனத்தது. உள்ளே போட்டிருந்த தெர்மலும் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. திரும்பி இறங்கும்போது இவருடைய வலது பூட்ஸின் அடிப்பாகம் முன்பக்கம் வாயைத் திறந்துவிட்டது. காருக்கு வந்து சேரும்போது பேச்சு குழறியது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், விரல் மடங்கவில்லை. மாப்பிள்ளை பதறிப்போய் ஈரத்துணியை எல்லாம் கழற்றிவிட்டு, தன் ஃப்ளீஸைப் (மெத்தென்ற செயற்கை இழை மேல்சட்டை) போட்டுவிட்டு, ஹீட்டரை முழுக்க வைத்தார். உடம்புச் சூடு இறங்கும்போது நடுக்கமும் குழறலும்தான் முதலில் வருமாம். ஃப்ளாஸ்க்கில் இருந்த டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, அவர் சரியாகப் பேச ஆரம்பிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் அதே தீவில் போர்ட்ரீ என்ற ஊரில் மலைநடைச் சாமான் விற்கும் கடைக்குப் போய் ஜாக்கெட்டைக் காட்டினோம். அங்கிருந்த அம்மா அதை உள்பக்கமாகத் திருப்பி, தோள்பட்டைத் தையலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். தையல் நெடுக ஊசி ஓட்டைகள், வரிசையாகப் புள்ளி வைத்தது போல வெளிச்சம் தெரிந்தது. அத்தனையும் தண்ணீர் இறங்கும் வழி. உண்மையான மழை ஜாக்கெட்டில் ஒவ்வொரு தையலின் மேலும் உள்பக்கம் வழவழவென்று ஒரு பட்டை ஒட்டியிருக்கும். எங்கள் ஜாக்கெட்டில் ஒரு இடத்தில்கூட இல்லை. கடைத்தம்பி காட்டிய அந்த முத்து வித்தை, துணியின் மேலே பூசிய பூச்சு மட்டும்தான். எந்த மலிவுத் துணியிலும் அதைப் பூசலாம். சொட்டு உருளும், ஆனால் மழை அடித்து அழுத்தும்போது தண்ணீர் உள்ளே போய்விடும். நாள்பட அந்தப் பூச்சும் தேய்ந்துவிடும்.

தெர்மலையும் விட்டுவைக்கவில்லை. மகள் வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். கம்பளி எரிந்தால் தலைமுடி பொசுங்கும் நாற்றம் வரும், மிஞ்சுகிற சாம்பல் விரலில் பொடியும். இது சுருண்டு உருகி, கறுப்பு மணி மாதிரி இறுகி நின்றது. பிளாஸ்டிக் வாடை. கம்பளி கொஞ்சமும் இல்லை. செயற்கை இழை என்பதாலேயே அது மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பாலியஸ்டர் தெர்மல் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. கம்பளி என்று சொல்லிக் கம்பளி விலை வாங்கியதுதான் மோசடி.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஜாக்கெட்டைத் திருப்பி உள்தையலைப் பாருங்கள். பட்டை ஒட்டியிருக்கிறதா, ஜிப்பின் மேல் மூடி இருக்கிறதா, தலைமூடியை இறுக்கக் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள். துணி எத்தனை மில்லிமீட்டர் நீரழுத்தம் தாங்கும் என்று சீட்டில் எண் இருக்கும். மலைப்பக்கம் நடக்கப் போகிறீர்கள் என்றால் 10,000க்குக் குறைந்து வாங்காதீர்கள். துணியில் வாயை ஒட்ட வைத்து ஊதுங்கள், மறுபக்கம் கையில் காற்று பட்டால் அது ஸ்காட்லாந்துக் காற்றுக்கு ஆகாது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உள்ளே பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஷவருக்கடியில் பத்து நிமிடம் நில்லுங்கள். தோள் நனைந்தால் மறுநாளே கடைக்குத் திருப்பிக் கொண்டு போகலாம். ஊர் போய்ச் சேர்ந்தபின் தெரிந்து பயனில்லை.

தடித்த ஒன்றுக்குப் பதிலாக மெல்லியதாக மூன்று அடுக்கு வேண்டும்: உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே ஃப்ளீஸ், அதற்கு மேலே பஞ்சு இல்லாத வெறும் மழை ஜாக்கெட். வெயில் வந்தால் உரித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஜீன்ஸைத் தயவுசெய்து மலைக்குப் போட்டுப் போகாதீர்கள், நனைந்த பருத்தி லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சும். போர்ட்ரீயில் 70 பவுண்டுக்கு இவருக்கு ஒரு மழை ஜாக்கெட் வாங்கினோம். ஃப்ளீஸ் இரண்டும் எடின்பரோவில் ஸ்டாக்பிரிட்ஜ் பகுதியில் இருக்கும் பழைய துணி விற்கும் தொண்டுக் கடையில், இரண்டும் சேர்த்து 13 பவுண்டு. மகள் சொன்னது அப்படியே சரியாக இருந்தது.

திரும்பி வந்ததும் கடைக்குப் போனோம். "நீங்க மலை ஏறுவீங்கன்னு சொல்லலையே" என்றார்கள். அப்புறம் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைக் காட்டினார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் அது பில்லே இல்லை. 'எஸ்டிமேட்' என்று எழுதிய வெள்ளைச் சீட்டு. கடை முத்திரை, ஜிஎஸ்டி எண் எதுவும் கிடையாது. வாங்கும் அன்றே நாங்கள் அதைக் கவனித்திருக்க வேண்டும். பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்ததால் வாங்கியதற்கு ஆதாரமாவது மிஞ்சியது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராததும், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறை என்றே சொல்லியிருக்கிறது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. நாங்கள் வாங்கிய 24ஆம் நாள் விமானம் ஏறினோம் என்பதால் அந்த 30 நாளும் அங்கேயே கழிந்துவிட்டது. பயணத்துக்கு முன்பே சோதித்துப் பாருங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான். ஆனாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐக் கூப்பிட்டுப் பதிவு செய்தேன். அதன் பிறகு கடையிலிருந்தே ஃபோன் வந்தது. ஐயாயிரம் தருகிறோம், ஜாக்கெட் இரண்டையும் கொடுத்துவிட்டு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு ஜாக்கெட்டும், வாய் திறந்த பூட்ஸும், கருகிய நூலும், அந்த வெள்ளைச் சீட்டும் ஒரு பையில் கட்டி பீரோ மேல் இருக்கின்றன. ஆணையத்துக்கு மனு தயாராகிவிட்டது, திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம். மதுரையில் இதே மாதிரி 'பேக்கேஜ்' என்று வாங்கி நனைந்தவர்கள் வேறு யாராவது இருந்தால், சீட்டையும் ஜாக்கெட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.