386 ஆம்ப்ளிஃபயர் கிட்: வாங்கலாம், ஸ்பீக்கரை மட்டும் மாற்றிவிடுங்கள்

நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் உட்கார்ந்து ஈயம் வைத்துச் செய்கிற சின்ன ஆம்ப்ளிஃபயர் கிட்களில், எல்எம்386 என்ற சின்ன ஆம்ப்ளிஃபயர் ஐசியோடு (சிப்) வரும் இந்தப் பாக்கெட்டைப் புதிதாகப் பழகுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் கூடவே வரும் ரெண்டு இன்ச் ஸ்பீக்கரை வைத்து அந்த ஐசியை எடை போட்டுவிடாதீர்கள். "386-ல சவுண்டே வராதுப்பா" என்று சொல்கிற பலரும் கேட்டுவிட்டுச் சொல்வது அந்த ஸ்பீக்கரைத்தான்.

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கினேன். கவர் மேல் கம்பெனிப் பெயர் ஒன்றும் கிடையாது, விலை நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது. நம் பக்கத்துக் கடைகளில் ஆம்ப்ளிஃபயர் என்று கேட்டாலே இதைவிடப் பவர் கூடின 4440 ஐசி போர்டையோ 6283 போர்டையோதான் எடுத்து வைப்பார்கள், வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டிராக்டருக்கும் ஆட்டோவுக்கும் செட் மாட்டுகிறவர்கள் என்பதால் அதில் தப்பு சொல்ல முடியாது. இந்தக் கடைக்காரரும் 4440-ஐத்தான் முதலில் எடுத்தார், அப்புறம் "எதுக்கு தம்பி, வண்டிக்கா வீட்டுக்கா?" என்று கேட்டார். "வீட்டுக்குத்தாங்கண்ணா, அக்கா பையன் செஞ்சு பழகணும்" என்றதும் அதைத் திரும்ப வைத்துவிட்டு இந்தக் கிட்டை எடுத்துக் கொடுத்தார். விலை கூடுதலான பொருளைத் தலையில் கட்டாத அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கடைக்கு மறுபடியும் போவேன். இதுக்காக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் பஸ் ஏறினால் போக வர ஆகும் செலவு கிட் விலையைத் தாண்டிவிடும்.

போர்டு சுமார்தான். ஓட்டைகளைச் சுற்றி ஈயம் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் தடங்கள் மெல்லியவை, அயர்னைக் கொஞ்ச நேரம் அதிகம் வைத்தால் பெயர்ந்து வரும். ஐசியைச் செருகி எடுக்கிற பேஸ் கொடுக்கவில்லை. இது எனக்குப் பெரிய குறை, ஏனென்றால் பழகுகிற பிள்ளைகள் ஐசியைத் திருப்பிப் போடுவது சகஜம், நேராக ஈயம் வைத்துவிட்டால் கழற்றுவதற்குள் போர்டே போய்விடும். எட்டுக் கால் பேஸ் ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடவே வரும் சர்க்யூட் பேப்பரில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். இந்த ஐசி எதுவும் சேர்க்காமல் விட்டால் வருகிற சிக்னலை 20 மடங்கு பெருக்கும், 1-ம் காலுக்கும் 8-ம் காலுக்கும் நடுவில் 10 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கண்டென்சர் போட்டால் 200 மடங்கு. கிட்டில் அந்தக் கண்டென்சரைக் கொடுத்து, போடச் சொல்லியும் இருக்கிறார்கள். போனில் பாட்டுக் கேட்க இது தேவையே இல்லை. கணக்குப் பாருங்கள்: 9 வோல்ட்டில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு இந்த ஐசி அதிகபட்சம் 0.7 வாட் தரும், அதற்கு ஸ்பீக்கரில் சுமார் 2.4 வோல்ட் வர வேண்டும், 20 மடங்கு என்றால் உள்ளே 0.12 வோல்ட் போனாலே போதும். போனின் ஹெட்போன் ஜாக் அதைச் சுலபமாகக் கொடுத்துவிடும். 200 மடங்கில் வைத்தால் வால்யூமைத் தொட்டவுடனே பாட்டு கிழியும், பாட்டு இல்லாத நேரத்தில் 'உஸ்ஸ்' என்று இரைச்சல் வரும். மைக் மாதிரி மிகச் சின்ன சிக்னலுக்குத்தான் அந்தக் கண்டென்சர். இப்போதைக்கு அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அதே கண்டென்சரை 7-ம் காலிலிருந்து கிரவுண்டுக்கு (சப்ளையின் மைனஸ்) போடுங்கள், சப்ளையிலிருந்து வரும் 'ம்ம்' என்கிற ஹம் குறையும். 5-ம் காலில் 10 ஓம்ஸ் ரெசிஸ்டரும் 0.05 எம்எஃப்டி கண்டென்சரும் வரிசையாகக் கிரவுண்டுக்குப் போகும். பார்த்தால் எதற்கென்றே தெரியாது, விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள், நம் காதுக்குக் கேட்காத அலைவரிசையில் ஐசி தானாக ஆடிச் சூடாவதைத் தடுப்பது அந்த ரெண்டும்தான்.

சப்ளை விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். சாதாரண 386 ஐசிக்கு 4 முதல் 12 வோல்ட் வரை கொடுக்கலாம். வீட்டில் கிடக்கிற 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரை, ஏசியை டிசி ஆக்கும் டையோடு பிரிட்ஜ் போட்டு இணைத்தால் டிசி 15 வோல்ட்டைத் தாண்டிவிடும், ஐசி அங்கேயே காலி. 6 வோல்ட் டிரான்ஸ்பார்மர் என்றால் 7 வோல்ட் சொச்சம் வரும், அது சரி. பிள்ளைகள் செய்வதாக இருந்தால் கரண்ட் பக்கமே போகாமல் ஆறு பென்சில் செல்லை ஹோல்டரில் போட்டுக் கொடுங்கள். சும்மா இருக்கும்போது ஐசி இழுப்பது 4 மில்லியாம்ப் அளவுதான், அதனால் செல் நாள்பட வரும், கரண்ட் போன ராத்திரியிலும் பாட்டு நிற்காது. கிட்டில் கொடுத்திருக்கும் கிளிப் சதுர 9 வோல்ட் பேட்டரிக்கானது, சத்தத்தைக் கூட்டினால் அந்த பேட்டரி தாங்காமல் வோல்ட்டேஜ் இறங்கி ஒலி உடைகிறது.

இனி ஸ்பீக்கர். 0.7 வாட் என்றேன், அதுவும் 10 சதவீதம் சிதைவோடு கிடைக்கிற அளவு, சுத்தமாகக் கேட்க அதில் பாதியைத்தான் நம்பலாம். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் முகம் சுருங்குகிறது. ஆனால் வாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்பீக்கரின் டெசிபல் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு வாட்டுக்கு 80 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் 5 வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தமோ, 90 டெசிபல் ஸ்பீக்கரில் அதே சத்தத்துக்கு அரை வாட் போதும், 10 டெசிபல் என்பது பத்து மடங்கு பவர் என்பதால். பழைய ரேடியோ, பழைய டிவியில் இருந்த பெரிய காகிதக் கோன் ஸ்பீக்கர்கள் பலவும் குறைந்த பவரிலேயே நன்றாகப் பேசக்கூடியவை. அதில் 8 ஓம்ஸ் ஒன்றை எடுத்து மரப்பெட்டியில் அடைத்து வைத்துக் கேளுங்கள். பெட்டி இல்லாமல் மேசையில் மல்லாத்தி வைத்தால் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று தின்று, கீழ் ஒலி எல்லாம் காணாமல் போய்விடும்.

நான் கேட்டுப் பார்த்தது முதலில் தர்மபுரி வானொலிப் பண்பலை 102.5, அப்புறம் எங்கள் ஊர்த் திருவிழாவில் போனில் பதிவு செய்த தெருக்கூத்து. கிட் ஸ்பீக்கரில் முகவீணை மட்டும் காதைக் குத்தியது, மிருதங்கம் டப்பாவைத் தட்டுவது போல இருந்தது. பழைய ஐந்து இன்ச் ஸ்பீக்கருக்கு மாற்றியதும் கட்டியக்காரன் குரலுக்கு உடம்பு வந்தது, மிருதங்கத்தின் கீழ் ஒலி தரும் இடந்தலை கேட்டது. ஐசி அதேதான், செல்லும் அதேதான். இன்னும் கொஞ்சம் கீழ் ஒலி வேண்டும் என்றால் வெளியே போகும் 220 எம்எஃப்டி கண்டென்சரை மாற்றலாம். 8 ஓம்ஸ் ஸ்பீக்கரோடு அது சுமார் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துவிடும், 470 போட்டால் 42 வரை இறங்கும். பெரிய ஸ்பீக்கருக்குத்தான் இந்த வேலை, கிட் ஸ்பீக்கருக்குச் செய்து பயனில்லை.

சத்தம் மட்டும்தான் குறி, செய்து பழகுவதில் ஆர்வமில்லை என்றால் பிஏஎம்8403 என்ற ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்குங்கள். 5 வோல்ட்டில் ஓடும், 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் ரெண்டுக்கு ஆளுக்கு 3 வாட் வரை தருவதாகக் கணக்கு. ஒன்று மட்டும், அதில் ஸ்பீக்கரின் மைனஸைக் கிரவுண்டோடு சேர்க்கவே கூடாது. ஆனால் அது ரெடியாக வருவது, நான்கு ஒயர் வைத்தால் வேலை முடிந்தது, ஒரு பிள்ளைக்கு அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் மிஞ்சாது. 386-ல் ஒவ்வொரு கண்டென்சரையும் எடுத்துப் பார்த்து, போட்டுப் பார்த்து, என்ன மாறுகிறது என்று காதால் கேட்கலாம். அக்கா பையன் 1-8 கண்டென்சரைத் தானாகவே கழற்றிக் கழற்றி மாட்டி "மாமா, இப்ப கேளுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், ஐசிக்கு ஒன்றும் ஆகவில்லை. கழற்றும்போது சப்ளையை எடுத்துவிடச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

முடித்தவுடன் ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் 5-ம் காலைப் பாருங்கள், சப்ளையில் ஏறக்குறைய பாதி காட்ட வேண்டும், 9 வோல்ட்டுக்கு நாலரை பக்கம். வரவில்லை என்றால் முதலில் ஐசி திரும்பியிருக்கிறதா, அடுத்தடுத்த கால்களில் ஈயம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடையில் இந்த ஐசி தனியாகவும் கிடைக்கிறது, விலை ரொம்பக் குறைவு, கிட்டோடு சேர்த்து ஒன்று கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.