முழுநேர ஆலோசகரா, பகுதிநேர விரிவுரையாளரா?

யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் வழிகாட்டல் பிரிவுக்கு ஆள் போட இரண்டு வழி. இருக்கிற விரிவுரையாளருக்கே வாரத்தில் சில மணித்தியாலம் ஒதுக்கலாம். செலவு குறைவு, பாடமும் அவருக்குத் தெரியும். ஆனால் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த வாரம் வாசலில் வரிசை நிற்கும்போது அவர் வகுப்பில் இருப்பார். தவிர, புள்ளி போடுகிறவரிடம் வீட்டுப் பிரச்சினையை எந்தப் பிள்ளை சொல்லும்?

முழுநேர ஆலோசகருக்குச் சம்பளமும் தனியறையும் வேண்டும். சரி, வேலையும் அவ்வளவு இருக்கிறது: என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையில் 4ஆம் மட்டச் சான்றிதழோடு நிற்பவருக்கு 5, 6ஆம் மட்ட டிப்ளோமா, 7ஆம் மட்டப் பட்டம் என்று பாதை காட்ட வேண்டும்; வெளிநாடு போகத் துடிப்பவரோடு ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டும். அமெரிக்கப் பாடசாலை ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் என்கிறது. நான் ஒருவரையாவது முழுநேரமாகக் கேட்பேன். விரிவுரையாளர்கள் பெறுபேற்றுக் காலத்தில் துணைக்கு வரட்டும்.