ஏர்லைன் கொடுத்துவிட்டது, எனக்கு வரவில்லை: டிக்கெட் தளங்களில் ரீஃபண்ட் வாங்கிய அனுபவம்

டிக்கெட் போடும் ஆப்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எதில் விலை குறைவு, எந்த கார்டுக்கு ஆஃபர். விமானம் ரத்தானால் பணம் எந்த வழியாகத் திரும்பும் என்று யாரும் கேட்பதில்லை. மும்பை செம்பூரில் குடியிருந்துகொண்டு வருடத்துக்கு ஓரிரு முறையாவது திருநெல்வேலிக்குப் போய்வருகிற குடும்பம் எங்களுடையது. ரயில் என்றால் ஒன்றரை நாளுக்கு மேல். அதனால் மதுரை வரை விமானம், அங்கிருந்து பஸ். பல வருடங்களாக இந்த டிக்கெட்டுகளை மூன்றாம் ஆள் தளங்களில்தான் போட்டு வருகிறேன். போடும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கும்போதுதான் அந்தத் தளங்களின் இன்னொரு முகம் தெரியும். நான் எழுதுவது அதைப் பற்றி மட்டும்.

2025 மே மாதம், ஊரில் கோயில் கொடைக்காக நாலு டிக்கெட். கட்டணம் 26,480 ரூபாய், தளம் தன் சேவைக்கென்று வாங்கும் கன்வீனியன்ஸ் ஃபீ 1,400, கார்டு தள்ளுபடி 1,500 போக நான் கட்டியது 26,380. புறப்படப் பத்து நாள் இருக்கும்போது, ‘இயக்கக் காரணங்களால்’ விமானம் ரத்து என்று செய்தி வந்தது. அனுப்பியது விமான நிறுவனம் அல்ல, தளம். நிறுவனத்தின் பதிவில் என் நம்பரே இல்லை, தளத்தின் நம்பர்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பல தளங்கள் இப்படிச் செய்கின்றன. தாமதமோ ரத்தோ, செய்தி முதலில் அவர்களுக்குப் போகும், அவர்கள் மனது வைத்தால் நமக்கு வரும்.

இது சின்ன விஷயம் இல்லை. ரத்தான செய்தியை முறைப்படி முன்கூட்டிச் சொல்லாத நிறுவனம், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, ரீஃபண்டுக்கு மேல் நஷ்ட ஈடும் தர வேண்டும். பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. வானிலை மாதிரி அவர்கள் கையை மீறிய காரணம் என்றால் கிடையாது. ஆனால் பயணி சரியான தொடர்பு விவரம் தராவிட்டாலும் கிடையாது என்று அதே விதியில் இருக்கிறது. இப்போதெல்லாம் தளத்தில் டிக்கெட் போட்ட கையோடு விமான நிறுவனத்தின் தளத்துக்குப் போய், பிஎன்ஆரும் பெயரும் போட்டு, என் மொபைல் நம்பரையும் மெயிலையும் ஏற்றிவிடுகிறேன்.

சரி, மே மாதத்துக்கு வருவோம். தளம் அனுப்பிய மெயிலில் கீழே பெரிதாக ஒரு பட்டன்: ‘பயணத்தை ரத்து செய்’. பார்த்தால் அதை அழுத்தத்தான் தோன்றும். முலுண்டில் இருக்கும் அத்தானும் அதே விமானத்தில்தான் வருவதாக இருந்தார், வேறொரு தளத்தில் போட்டிருந்தார். அவர் அழுத்திவிட்டார். உடனே கணினி அவரே மனம் மாறி ரத்து செய்ததாக எடுத்துக்கொண்டு, ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம் ரத்துக் கட்டணம் பிடித்து மீதியைக் காட்டியது. ஏஜென்டுகள் பேச்சில் இதற்கு வாலண்டரி என்று பெயர். நிறுவனம் ரத்து செய்தால் இன்வாலண்டரி. விமானம் ஒன்றுதான், ரத்தும் ஒன்றுதான், எந்தப் பெட்டியில் டிக் விழுகிறது என்பதைப் பொறுத்துத் தொகை மாறிவிடுகிறது. அத்தானிடம் பிடித்துக்கொண்ட பணம் பிறகு வந்தது. விமான நிறுவனத்திடம் அந்த எண்ணுள்ள விமானம் ரத்து என்று மெயில் வாங்கி, அதைத் தளத்துக்கு அனுப்பி, சண்டை போட்ட பிறகு.

நான் பட்டனைத் தொடாமல் முதலில் விமான நிறுவனத்துக்குத்தான் போன் போட்டேன். முழுப் பணமும் உண்டு, ஆனால் ‘இது ஏஜென்சி புக்கிங், ரீஃபண்ட் ஏஜென்சிக்குத்தான் போகும்’ என்றார்கள். அவர்கள் தளத்திலேயே ரீஃபண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். சில நாளில் மெயில் வந்தது. பிஎன்ஆர், தொகை 26,480, தேதி, அதற்குக் கீழே ஒரே வரி: ‘அமௌண்ட் ரீஃபண்டட் டு ஏஜென்சி அக்கவுண்ட்’.

மொத்த விவகாரமும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. நாம் தளத்துக்குப் பணம் கட்டுகிறோம். தளம் விமான நிறுவனத்திடம் முன்பணம் போட்டு வைத்திருக்கும் வாலட்டிலிருந்து டிக்கெட் எடுக்கிறது. நிறுவனத்தின் கணக்கில் டிக்கெட் வாங்கியவர் நாம் அல்ல, ஏஜென்சி. ரத்தானால் பணம் அதே வாலட்டுக்குத் திரும்புகிறது. அங்கிருந்து நம் கார்டுக்கோ யுபிஐக்கோ அனுப்ப வேண்டியது தளத்தின் வேலை. சின்னத் தளம் என்றால் நடுவில் மொத்த ஏஜென்ட் ஒருவரும் இருப்பார், அங்கே இன்னும் ஒரு கை கூடும். நிறுவனம் ‘கொடுத்தாச்சு’ என்பதும் உண்மையாக இருக்கலாம், நமக்கு வராததும் உண்மையாக இருக்கலாம்.

தளத்தின் சாட்டில் கேட்டால், ‘ஏர்லைனிடமிருந்து இன்னும் வரவில்லை’. மெயிலைக் காட்டினால், ‘சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்’. நடுவில் ஒரு தூண்டில் வேறு: தளத்தின் வாலட்டில் வாங்கிக்கொண்டால் உடனே தருகிறார்களாம். அந்த வாலட் பணத்தை அவர்களிடமே டிக்கெட் போட்டுத்தான் தீர்க்க முடியும். கிரெடிட்டாக வாங்குவதா பணமாக வாங்குவதா என்பது பயணியின் விருப்பம் என்று டிஜிசிஏ விதியிலேயே இருக்கிறது. வேண்டாம் என்றேன்.

நான் கணக்கு வேலை பார்ப்பவன். பார்ட்டி ‘செக் அனுப்பியாச்சு’ என்றால், செக் நம்பர் என்ன, எந்தத் தேதி, எவ்வளவு என்று கேட்பதுதான் எங்கள் பழக்கம். இங்கேயும் அதையேதான் செய்தேன். ‘எப்போது வரும்’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘எந்தத் தேதியில் உங்கள் கணக்குக்கு வந்தது, என் கார்டுக்கு அனுப்பிய ஏஆர்என் நம்பர் என்ன’ என்று மெயிலில் கேட்டேன். கார்டில் பணம் திருப்பினால் ஏஆர்என் என்று ஒரு நீளமான எண் உருவாகும், யுபிஐ என்றால் பரிவர்த்தனை எண். அதைக் கொடுத்தால் பேங்க் தேடிச் சொல்லிவிடும். எண் தர முடியவில்லை என்றால் அவர்கள் இன்னும் அனுப்பவே இல்லை என்று அர்த்தம்.

எண் வரவில்லை. அதன் பிறகு இரண்டு இடத்தில் புகார் கொடுத்தேன். விமான நிறுவனத்தின் மேல் ஏர்சேவாவில், இது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளம். டிக்கெட் தளத்தின் மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல், அங்கே தமிழிலும் பேசலாம். நிறுவனம் ஏற்கெனவே கொடுத்துவிட்டதே, அதன் மேல் எதற்குப் புகார் என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. ஏஜென்ட் வழியாகவோ தளம் வழியாகவோ வாங்கிய டிக்கெட்டுக்கும் பணம் போய்ச் சேரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான், ஏனென்றால் ஏஜென்ட் அவர்களுடைய பிரதிநிதி என்கிறது டிஜிசிஏ விதி. அப்போது இருந்த கெடு 30 வேலை நாள். அந்த வருடம் நவம்பரில் வந்த வரைவில் அதை 21 ஆக்கச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் படிக்கும்போது எது நடப்பில் இருக்கிறது என்று டிஜிசிஏ தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கொரோனா கால டிக்கெட்டுகளுக்காக 2020 அக்டோபர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவிலும், ஏஜென்ட் வழி டிக்கெட்டுக்கு வரும் ரீஃபண்டை ஏஜென்ட் உடனே பயணிக்குத் தர வேண்டும் என்று இருக்கிறது.

ஏர்சேவா புகாருக்கு நிறுவனம் பதில் போட்டது. அதில் ஏஜென்சிக்குப் பணம் போன தேதியும் பரிவர்த்தனை எண்ணும் இருந்தன. அதை அப்படியே 1915 புகாரோடு சேர்த்ததும் தளம் அசைந்தது. முதல் முறையாக ஒரு ஆள், பெயர் சொல்லி, அவராகவே கூப்பிட்டார். அதுவரை பேசியது எல்லாம் இந்தியில் ஆறுதல் சொல்லும் ரோபோ. அந்த வாரமே ஏஆர்என் வந்தது, இன்னும் சில நாளில் கார்டில் 24,980 ரூபாய் ஏறியது. தள்ளுபடி 1,500-ஐக் கழித்தது நியாயம், அது நான் கட்டாத பணம். கன்வீனியன்ஸ் ஃபீ 1,400 மட்டும் போனது போனதுதான். கட்டும்போதே ‘திரும்பத் தரப்படாது’ என்று ஒத்துக்கொண்டீர்களே என்கிறார்கள். பறக்காத விமானத்துக்கு என்ன கன்வீனியன்ஸ் என்று கேட்டேன், பதில் இல்லை.

இதில் இன்னொரு தலைவலி கார்டு பில். ரீஃபண்ட் வரும் என்று நம்பி பில்லைக் கட்டாமல் விட்டால் வட்டி போடுவார்கள், ரீஃபண்டுக்கும் பில் கெடுவுக்கும் சம்பந்தமே கிடையாது. ஈஎம்ஐயில் போட்டவர்கள் பணம் வந்த பிறகு பேங்கைக் கூப்பிட்டு ஈஎம்ஐயை மூடச் சொல்ல வேண்டும், தானாக நிற்கும் என்று நினைக்காதீர்கள். கார்டில் கட்டியவர்களுக்குப் பேங்கில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைப் பேங்க் வழியாகவே திருப்பிக் கேட்கும் வழியும் உண்டு. அதற்குக் கெடு இருப்பதால், தளம் ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்லச் சொல்லக் காத்திருந்து அதைத் தவறவிடக் கூடாது.

செம்பூர் ஸ்டேஷன் பக்கம் டிக்கெட் போட்டுத் தரும் எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரும் மூன்றாம் ஆள்தான், அதே வாலட் முறைதான். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தானபோது, அப்பாவுக்கு அவர் போட்ட டிக்கெட்டும் போனது. நிலுவை ரீஃபண்டை டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் முடிக்க வேண்டும் என்று அமைச்சகம் அப்போது உத்தரவே போட்டிருந்தது. அண்ணாச்சி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ‘வாலட்டுல எப்ப வருதோ வரட்டும் தம்பி, நீங்க இதப் பிடிங்க’ என்று கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் விலை தளத்தைவிட நூறு இருநூறு கூடத்தான். எல்லா ஏஜென்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன், ரசீதே தராதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆளிடம் கேட்பது வேறு, சாட் பெட்டியில் கேட்பது வேறு.

இப்போது நான் செய்வது: விலை பார்க்க மட்டும் தளங்கள், டிக்கெட் விமான நிறுவனத்தின் தளத்திலேயே. முந்நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக மூன்றாம் கையை நுழைப்பதில்லை. போக ஒரு நிறுவனம், வர இன்னொன்று என்று ஒரே டிக்கெட்டாகப் போட வேண்டியிருந்தால் மட்டும் தளம். அம்மா அப்பா தனியாக வருவதென்றால் அண்ணாச்சி.

அந்த 1,400 விஷயம் இன்னும் மனதில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, தளத்தின் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசுத் தளமான இ-ஜாக்ரிதியில் ஆன்லைனிலேயே போடலாம். மெயில்களை எல்லாம் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். மார்ச் கணக்கு முடிப்பு வேலை முடிந்ததும் போடுவதாக இருக்கிறேன். வீட்டுக்காரி ‘ஆயிரத்து நானூறுக்கா?’ என்கிறாள்.