கைதானவருக்கு மனநல உதவி: காரைக்குடி வட்டாரத்தில் எது கைகொடுக்கிறது, எங்கே அறுகிறது

மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவரும் ஒருவரைப் போலீஸ் அழைத்துப்போய்விட்டால், காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் குடும்பம் காசு செலவில்லாமல் நாடக்கூடிய இடங்கள் மூன்று: அரசு மருத்துவமனையின் மாவட்ட மனநலத் திட்டப் பிரிவு, நீதிமன்றத்தோடு இயங்கும் சட்டப் பணிகள் குழு, மனநல ஆலோசனைக்கான 14416 என்ற தொலைபேசி எண். மூன்றும் தனித்தனியாக நல்ல சேவைகள்தான். ஆனால் ஸ்டேஷனிலிருந்து மருத்துவமனைக்கு, அங்கிருந்து கோர்ட்டுக்கு, கோர்ட்டிலிருந்து சிறைக்கு என்று ஆள் கைமாறும்போது அவருடைய நோயைப் பற்றிய தகவல் கூடப் போவதில்லை. சேவை அறுவது அந்த இடத்தில்தான். அதைக் குடும்பம் எப்படி ஒட்டவைக்கலாம் என்பதையும் சேர்த்தே இந்த மதிப்புரையில் பார்க்கிறோம்.

முதலில், வழக்கே ஆகக் கூடாத நிலைமை ஒன்று உண்டு. பிள்ளையார்பட்டியிலோ குன்றக்குடி அடிவாரத்திலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் சுற்றித் திரியும் ஒருவரைப் போலீஸ் கண்டால், மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 100-இன்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. வீடு வாசல் இல்லாதவர் என்றால் காணாமல் போனவராக எஃப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தைத் தேடுவதும் நிலைய அதிகாரியின் பொறுப்பு. குற்றம் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் ஷீலா பர்ஸே வழக்கில் 1993-லேயே சொல்லிவிட்டது. சட்டத்தின் இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் தரலாம். 108-ஐ அழைப்பவர் "பிரிவு 100-இல் அழைத்துப்போக வேண்டும்" என்று ஸ்டேஷனுக்கும் சொன்னால் வேலை சுலபமாகிறது.

வழக்கு என்று ஆகிவிட்டால் கதை வேறு. பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டுக்குள் ஏறிக் குதித்தார், வளவில் படுத்துக்கொண்டு எழ மறுத்தார், பித்தளைச் சாமானைத் தூக்கிக்கொண்டு நடந்தார் என்பது போன்ற புகார்கள் அத்துமீறல், திருட்டு என்றே பதிவாகும். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். புகார் கொடுக்கிற காவலாளிக்கு அந்த ஆளைப் பற்றி எதுவும் தெரியாது. நோய் என்ற சொல் காகிதத்தில் ஏறாமலே வழக்கு நகர்ந்துவிடும்.

அதனால் முதல் 24 மணி நேரத்தில் குடும்பம் செய்ய வேண்டியது ஒரே ஒரு தாள் தயாரிப்பது. அதில் இருக்க வேண்டியவை: நோயின் பெயர், மாத்திரைகளின் மூலப்பெயர், மில்லிகிராம் அளவு, எந்த வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டார், மாத ஊசி போடுபவரானால் கடைசி ஊசித் தேதியும் அடுத்த தேதியும், வலிப்பு, சர்க்கரை, ஒவ்வாமை, சிகிச்சை பெறும் மருத்துவமனை, ஓ.பி. எண். கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் சிறை மருந்தகத்தில் அந்தப் பெயரில் இல்லை என்று மருந்தே நின்றுபோகும், "ரிஸ்பெரிடோன் 2 மி.கி., ராத்திரி ஒன்று" என்று எழுதினால் எந்த அரசு மருந்தாளுநருக்கும் புரியும். நான்கு நகல் எடுங்கள். ஸ்டேஷன் ரைட்டருக்கு ஒன்று, ரிமாண்டுக்கு (நீதிமன்றக் காவலுக்கு) முன் பரிசோதிக்கும் மருத்துவருக்கு ஒன்று, வழக்கறிஞர் வழியாக மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்று, சிறை மருத்துவ அலுவலருக்கு ஒன்று.

தற்கொலை எண்ணம் முன்பு இருந்திருந்தால் அதையும் அந்தத் தாளில் எழுத வேண்டும். அதற்கும் கேஸ் போட்டுவிடுவார்களோ என்று குடும்பங்கள் மறைத்துவிடுவது ஆபத்தில் முடியும். 2017 சட்டத்தின் பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வழக்கு நடத்தக் கூடாது என்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரை மிரட்டிக் காரியம் சாதிக்க முயன்றால் மட்டும் தனிக் குற்றம். தயங்காமல் எழுதிக் கொடுங்கள், தனியறையில் விடாமல் கண்பார்வையில் வைக்கச் சொல்லுங்கள்.

மருத்துவப் பரிசோதனைதான் இந்தச் சேவையில் மிக மேலோட்டமாக நடக்கிற பகுதி. கைதானவரை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும் என்பது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் பிரிவு 53. நடைமுறையில் "வெளிக்காயம் இல்லை" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். பரிசோதிக்கும் மருத்துவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் தன் குறிப்பில் "மனநலச் சிகிச்சையில் உள்ளார், மனநல மருத்துவர் பார்க்க வேண்டும்" என்று எழுத அவரால் முடியும். அந்த ஒரு வரி பிறகு கோர்ட்டில் பெரிய ஆதாரம்.

இதே நேரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று குடி. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 72 மணி நேரத்தில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து பிதற்றும் நிலை வரலாம். அதாவது லாக்கப்பிலும் சிறையின் முதல் ராத்திரிகளிலும். "நடிக்கிறான்" என்று விட்டுவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை இது. டயஸெபாம் அல்லது லோரஸெபாம், தயமின் (வைட்டமின் பி1) ஊசி, தண்ணீர்ச்சத்து ஆகியவை மருத்துவமனையில் கொடுத்துத் தீர வேண்டியவை. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போக வேண்டும். கடைசியாகக் குடித்த நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். கவலைக்கு குளோனஸெபாம் பல மாதம் சாப்பிட்டவருக்கும் திடீரென்று நின்றால் வலிப்பு வரும் என்பதால் அதையும் சொல்லுங்கள்.

சட்ட உதவிக்கு வருவோம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பிரிவு 12-இன்படி காவலில் இருப்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மனநோய் உள்ளவருக்கு இந்த உரிமை இருப்பதைப் போலீஸும் மாஜிஸ்திரேட்டுமே எடுத்துச்சொல்ல வேண்டும் என்கிறது 2017 சட்டத்தின் பிரிவு 27. இலவச சட்ட உதவிக்கான எண் 15100. இந்தச் சேவையை நாங்கள் தயங்காமல் பரிந்துரைக்கிறோம், குறிப்பாக ரிமாண்ட் அன்றைக்கு. வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது "ஜாமீன் எப்போது" என்பது மட்டும் இல்லை. ரிமாண்ட் உத்தரவிலேயே "மனநல மருந்து தொடர வேண்டும், சிறை மருத்துவ அலுவலர் பார்த்து அறிக்கை தர வேண்டும்" என்று எழுதவைக்கச் சொல்லுங்கள். ரிமாண்ட் ஒரு தடவைக்கு 15 நாள் வரை போகும், அடுத்த நீட்டிப்பு பெரும்பாலும் வீடியோவில் முடிந்துவிடும். திரையில் சில நிமிடம் தெரிகிற முகத்தை வைத்து நோய் முற்றியிருக்கிறதா என்று எந்த நீதிபதியாலும் கண்டுபிடிக்க முடியாது.

குறை, இலவச வழக்கறிஞர்கள் எல்லோரும் மனநலப் பிரிவுகளில் பழகியவர்கள் இல்லை என்பது. கேட்க வேண்டிய மனுவின் பெயரைக் குடும்பமே தெரிந்துவைத்திருப்பது நல்லது. சுரக்‌ஷா சன்ஹிதாவின் 367 முதல் 378 வரையிலான பிரிவுகள் இதற்கென்றே உள்ளவை. தன் தரப்பைச் சொல்லும் நிலையில் அவர் இல்லை என்று தெரிந்தால் நீதிமன்றம் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ அனுப்பி அறிக்கை வாங்க வேண்டும். அறிக்கையில் உடன்பாடில்லை என்றால் மருத்துவ வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். பிரிவு 369 தான் குடும்பத்துக்கு மிக உதவக்கூடியது: ஜாமீனில் விட முடியாத குற்றமாகவே இருந்தாலும், உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லாத நிலையில், உறவினரோ நண்பரோ "வெளிநோயாளிச் சிகிச்சை தவறாமல் கொடுப்பேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன்" என்று உறுதி கொடுத்தால் விடுவிக்கலாம். மகன் வெளிநாட்டில் இருக்கிறார், சித்தப்பா ஊரில் இல்லை என்று குடும்பங்கள் கைவிட்டுவிடுகின்றன. நண்பர் என்று சட்டமே சொல்வதால் பக்கத்து வீட்டுக்காரரும் வரலாம்.

"பைத்தியம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்" என்ற ஆலோசனையை நம்பாதீர்கள். நியாய சன்ஹிதாவின் பிரிவு 22 பார்ப்பது செயல் நடந்த நேரத்து மனநிலையை. மருத்துவச் சீட்டில் நோயின் பெயர் இருப்பது மட்டும் போதாது, நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம்தான். விடுதலையானாலும் நேரே வீட்டுக்கு அனுப்பாமல் பாதுகாப்பான இடத்தில் வைக்க உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அஸ்ஸாமில் 1951-இல் பிடிக்கப்பட்ட மாசாங் லாலுங் 54 ஆண்டுகள் விசாரணையே இல்லாமல் அடைபட்டிருந்து 2005-இல்தான் வெளியே வந்தார். எந்தத் தேதியில் யார் அறிக்கை கேட்பது என்று யாரும் பின்தொடராததால் நடந்தது அது.

இந்தச் சங்கிலியில் ஆகப் பலவீனமான கண்ணி சிறைக்குள் மருந்து போவது. வீட்டிலிருந்து கொண்டுபோகும் மாத்திரையை வாயிலில் வாங்கமாட்டார்கள், அது சரியான விதிதான். சிறை மருத்துவர் எழுதித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் எழுதும்வரை போகிற நாட்கள் எல்லா மருந்துக்கும் ஒன்றல்ல. குளோசபின் என்ற மனநோய் மாத்திரை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது, 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். ரத்த அணுப் பரிசோதனையும் நிற்கக் கூடாது. லித்தியம் சாப்பிடுபவர் தண்ணீர் குறைவாகக் குடித்தாலோ பேதியானாலோ ரத்தத்தில் மருந்து ஏறி நஞ்சாகும். கை அதிகமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, வாந்தி ஆகியவை அதன் அடையாளம். சித்திரை வெயிலில் நெரிசலான அறையில் இது நடக்கக்கூடியதே. மனநோய்க்குப் போடும் ஃப்ளூஃபெனசின் ஊசி 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை. தேதி ரிமாண்டுக்குள் விழுந்தால் யாருக்கும் நினைவிருக்காது, நோய் திரும்புவது சில வாரம் கழித்துத்தான் தெரியும். ஆகவே சிறையில் மனு போட்டு அவரைப் பார்க்கும் முதல் நாளிலேயே அந்தத் தாளின் நகலையும் மருந்துச் சீட்டின் நகலையும் சிறை மருத்துவ அலுவலர் பெயருக்குக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். நோய் கடுமையானால் சிறை மருத்துவப் பிரிவின் மனநல வார்டுக்கோ வெளி மனநல மருத்துவமனைக்கோ மாற்ற 2017 சட்டத்தின் பிரிவு 103 இடம் தருகிறது.

14416 பற்றிச் சுருக்கமாக. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநலச் சேவை இது, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். ஸ்டேஷன் வாசலில் பதறி நிற்கிற அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இது உண்மையான ஆறுதல். மருந்துப் பெயர் புரியாவிட்டால் விளக்கம் கேட்கலாம். கோர்ட்டுக்கான சான்றிதழ் தொலைபேசியில் கிடைக்காது, அதற்கு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அங்கேதான் இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் வருகிறது. பல குடும்பங்கள் ஏர்வாடி தர்காவுக்கும் குணசீலம் கோயிலுக்கும் கோடாங்கியிடமும் ஆண்டுக்கணக்கில் போயிருப்பார்கள், கையில் ஒரு சீட்டும் இருக்காது. நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடிக் கொட்டகைத் தீயில் சங்கிலியோடு 28 பேர் கருகியதற்குப் பிறகு, தர்காவை ஒட்டியே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த அரசுச் சேவை வந்துவிட்டது. அங்கே போடும் ஓ.பி. சீட்டும் சீட்டுத்தான். எந்த ஆவணமும் இல்லாதவர்கள், வழக்கு வந்த பிறகாவது சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ பழைய விவரங்களைத் தேதிவாரியாகச் சொல்லிப் பதிய வேண்டும். மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று முதல் நாளே விசாரித்துப் போங்கள். எல்லா வட்ட மருத்துவமனையிலும் தினமும் இருப்பதில்லை.

ஜாமீன் உத்தரவு வந்தும் பிணையாள் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-இல் ஒரு வழி செய்திருக்கிறது. 7 நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் பிணை கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றமே பரிசீலிக்கலாம். தானாக நடக்கும் என்று காத்திராமல் எட்டாம் நாள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஆள் போனால் பலன் உண்டு.

வெளியே வருகிற அன்று கையில் மருந்து இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறையில் கொடுத்த மருந்தின் விவரச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் ஊர் மருத்துவர் பழைய அளவையே எழுதிவிடுவார். அந்த வாரத்துக்குள் மனநலப் பிரிவில் காட்டி, அடுத்த ஊசித் தேதியையும் அடுத்த வாய்தாத் தேதியையும் ஒரே காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டும் ஒரே நாளில் விழுந்தாலோ அன்று அவர் வர முடியாத நிலையில் இருந்தாலோ, மருத்துவச் சீட்டை இணைத்து வழக்கறிஞர் வழியாக சுரக்‌ஷா சன்ஹிதாவின் பிரிவு 355-இல் ஆஜராக விலக்குக் கேட்டு மனு போட வேண்டும். மனு இல்லாமல் வராவிட்டால் பிடிவாரண்ட் வரும்.