மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு வருடம் ஸ்டோரிவீவர்

"டிங்கரு மொப்பையில் சலுங்கியது. அதைப் பார்த்த கிருவன் தெம்பினான்."

இதை வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். டிங்கரு எங்கே சலுங்கியது? மொப்பையில். தெம்பியது யார்? கிருவன். இரண்டும் சரி, முழு மதிப்பெண். ஆனால் டிங்கரு என்பது ஆடா மாடா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்தச் சொற்களை நான் இப்போதுதான் உட்கார்ந்து உண்டாக்கினேன். தமிழில் வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டே பதிலை எடுத்துவிடலாம். 'எங்கே' என்று கேட்டால் 'இல்' ஒட்டிய சொல், 'எதை' என்று கேட்டால் 'ஐ' ஒட்டிய சொல். பிள்ளைகள் இதை வெகு சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். சாயங்காலம் வீட்டுத் திண்ணைக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் படிக்க வருவார்கள், மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும்தான் அதிகம். அவர்களுக்காகக் கடையில் ஒரு வாசிப்புப் பயிற்சிப் புத்தகம் வாங்கியிருந்தேன், பெயர் வேண்டாம். ஒரு பத்தி, அதன் கீழே ஐந்து கேள்வி, கோடிட்ட இடம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்த ஒரு பையனிடம் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன கதைலே, சொல்லு பாப்போம்" என்று கேட்டேன். முழித்தான். கதையில் ஒரு கிளி இருந்தது மட்டும் அவனுக்கு ஞாபகம் இருந்தது, அதுவும் படத்தைப் பார்த்ததால். அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை.

அப்புறம்தான் ஸ்டோரிவீவருக்கு வந்தேன். பிள்ளைகளுக்கான புத்தகங்கள் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய இணையதளம் இது. தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இருக்கின்றன, வாசிக்கக் காசு கிடையாது. கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கும் மேல்.

இந்தத் தளம் தானாக எதையும் சொல்லித்தராது, கேள்வி கேட்பதும் நிறுத்துவதும் நம் வேலை. ஆனால் படக்கதையின் அமைப்பே அதற்கு வசதியாக இருக்கிறது. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு வரிதான், அடுத்து என்ன என்று தெரிய பக்கத்தைத் திருப்பியாக வேண்டும். அந்தத் திருப்பலுக்கு முன்னால் வருகிற அரை நிமிடம்தான் எனக்கு வேண்டியது.

பாட்டி கண்ணாடியைத் தொலைத்துவிட, பேத்தி துப்பறிகிறவள் மாதிரி தேடுகிற கதை ஒன்று அதில் இருக்கிறது. பாதியில் நிறுத்தி, "கண்ணாடி எங்க இருக்கும்?" என்றேன். ஒருத்தி உடனே, "அடுப்படியில இருக்கும்க்கா" என்றாள். எப்படித் தெரியும் என்றதற்கு, "எங்க ஆச்சி அங்கதான் வச்சிட்டுத் தேடுவாவ." இன்னொருத்தன் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. முந்தின பக்கத்துக்குத் திருப்பச் சொல்லி, படத்தில் விரலை வைத்துக் காட்டி வாதம் பண்ணினான். யார் சொன்னது சரி என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஒருத்தி தன் வீட்டிலிருந்து ஆதாரம் எடுத்தாள், இன்னொருத்தன் புத்தகத்திலிருந்து எடுத்தான், இரண்டும் சேர்ந்தால்தான் ஊகித்து வாசிப்பது. 'உனக்கு எப்படித் தெரியும்?' என்ற ஒரே கேள்வியை எல்லாக் கதைக்கும் கேட்கிறேன், இதுவரை அது என்னைக் கைவிட்டதில்லை.

பாலின்சர், பிரவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984-ல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்ட முறைதான் என்னுடையது. ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்வது, சுருக்கிச் சொல்வது என்று நான்கு வேலை. முதலில் ஆசிரியர் செய்து காட்டி, பிறகு பிள்ளைகளே மாறி மாறி ஆசிரியராக உட்கார வேண்டும். அவர்கள் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் செய்தது அது. சின்னப் பிள்ளைகளுக்கு நான்கும் ஒரே நாளில் ஆகாது. நான் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

தெளிவுபடுத்துவதில்தான் தமிழுக்கென்றே ஒரு சிக்கல். பேசுகிற தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. 'அவள் நகைத்தாள்' என்ற இடத்தில் மூன்று பேர் அவள் நகை போட்டுக்கொண்டதாகவே நினைத்திருந்தார்கள், ஒருவரும் சந்தேகம் கேட்கவில்லை. புரியவில்லை என்பதே தெரியாமல் போய்க்கொண்டிருப்பதுதான் ஆபத்து. அதனால் நானே சத்தமாக வாசித்து, வேண்டுமென்றே நின்று, "இந்த இடம் எனக்கு இடிக்குதே, நகைன்னா இங்க சரியா வரலையே" என்று வாய்விட்டு யோசிப்பேன். இரண்டு வாரத்தில் அவர்களும், "அக்கா, இது இடிக்குது" என்று நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இந்த வருடத்தின் பெரிய சந்தோஷம் அதுதான்.

கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் பிடிஎஃப் இறக்கி அச்செடுக்கலாம், கதையை எளிமையாக்கி எழுதவும் இடம் உண்டு. ஒரு மூன்றாம் நிலைக் கதையை எங்கள் பிள்ளைகளுக்காகச் சுருக்கினேன், பிறகு அவர்களையே இன்னொரு கதையைச் சுருக்கச் சொன்னேன். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பெரிய சண்டை நடந்தது. சுருக்கிச் சொல்வதற்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்துப் பதிவேற்றக்கூடிய தளம் இது, அதனால் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை முழுசாக வாசித்துவிடுங்கள். போனில் ஏழெட்டுப் பேர் தலையை முட்டிக்கொண்டு பார்ப்பது சரிப்படாது, கதையில் பாதி படத்தில் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் அந்தப் பாதி மங்கிவிடுகிறது. மாதம் இரண்டு கதை என்று முடிவு பண்ணி, கலரில் எடுத்துத் தைத்து வைத்துக்கொண்டேன். சில கதைகளுக்கு ஒலியோடு சேர்ந்து வாசிக்கும் வசதி இருக்கிறது. எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளைக்கு அது நல்ல துணை. ஆனால் புரிந்துகொள்ளும் வேலைக்கு அதை அணைத்துவிடுகிறேன், நாம் நிறுத்த நினைக்கிற இடத்தில் அது தானாக நிற்பதில்லை.

வகுப்பைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பானாலும் இரண்டாம் நிலையில் ஆரம்பியுங்கள். ஒரு பக்கத்தில் நாலைந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் ஒரு நிலை இறங்கிவிடுங்கள், தயங்க வேண்டாம்.