மும்பையில் ஸ்மூத்தி: தள்ளுவண்டியா, ஜூஸ் சென்டரா, டெலிவரி ஆப்பா, பாட்டிலா?

இட்லி ஆவியில் வேகிறது, காபிக்குப் பால் கொதிக்கிறது. பழத்தை அடித்துச் செய்யும் ஸ்மூத்தி கடையில் எந்த இடத்திலும் சூட்டைப் பார்ப்பதில்லை. பழத்தோல், கத்தி, ஐஸ், ஜார் என எதில் கிருமி இருந்தாலும் அது அப்படியே கிளாஸுக்கு வந்துவிடும். டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு மூன்றுமே இப்படிப் பரவக்கூடியவை. எனவே எந்தக் கடையானாலும் நாம் பார்க்க வேண்டியது இரண்டுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குளிர் எப்படிக் காக்கப்படுகிறது.

தள்ளுவண்டியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வண்டிக்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவரிடம் குழாய் இல்லை. ஒரே வாளித் தண்ணீரில் ஜார், கிளாஸ், கத்தி மூன்றும் முங்கி எழுகின்றன. பத்தாவது கிளாஸுக்குள் அது கழுவும் தண்ணீர் என்ற பெயரையே இழந்துவிடும். 2019 மார்ச்சில் குர்லா ஸ்டேஷன் ஸ்டால் ஒன்றில் எலுமிச்சை சர்பத் கலந்த விதம் வீடியோவாகப் பரவியது. அதைத் தொடர்ந்து மத்திய ரயில்வே தன் நிலையங்களில் திறந்த சர்பத் விற்பனைக்கே தடை போட்டது. வண்டியில் தாகம் தீர்க்க வேண்டுமென்றால் இளநீர் போதும். கண்ணெதிரே வெட்டித் தருவார்கள், உள்ளே வேறு எதுவும் கலக்காது.

ஐஸ் விஷயம் தனி. சாப்பிட உதவாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று மகாராஷ்டிர அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் கொண்டுவந்தது. ஐஸில் லேசாக நீலம் தெரிந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். வெள்ளையாக இருப்பதாலேயே அது நல்ல ஐஸ் ஆகிவிடாது. கோணிப்பையில் சுற்றி, நடைபாதையில் இழுத்து, கம்பியால் குத்தி உடைக்கும் பாளம் எந்த நிறமானாலும் ஆபத்துதான். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. அது தவறு. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவும் மஞ்சள் காமாலை வைரஸும் ஐஸுக்குள் உயிரோடு காத்திருக்கும். நடுவில் ஓட்டையோடு ஒரே அளவில் இருக்கும் இயந்திர ஐஸ் தேவலை. அதைவிட, "பையா, பரஃப் மத் டாலியே" (அண்ணா, ஐஸ் போடாதீங்க) என்று இந்தியில் சொல்லிவிடுவது உத்தமம்.

ஜூஸ் சென்டரில்தான் பார்க்க நிறைய இருக்கிறது. கிங்ஸ் சர்க்கிள், செம்பூர், தாராவி 90 அடி சாலை என்று நம்மவர்கள் புழங்கும் எல்லாப் பக்கமும் இவை உண்டு. முதலில் ஜாரைப் பாருங்கள். பிளேடுக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். பழச்சக்கை போய் ஒளிவது அங்கேதான். தண்ணீரை ஊற்றி ஒரு சுற்று ஓட்டிக் கொட்டினால் ஜார் பளிச்சென்று தெரியும், வாஷர் அப்படியே இருக்கும். அதன் ஓரத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ வளையம் கட்டியிருந்தாலோ, காலி ஜாரில் புளித்த வாடை வந்தாலோ வேண்டாம். ஒழுங்கான கடையில் ராத்திரி வாஷரைக் கழற்றி சோப்பு போட்டுத் தேய்ப்பார்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத பிளீச் 1 மில்லி என்ற கணக்கில் கலந்து ஐந்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசுவார்கள். அந்தக் கலவையில் குளோரின் அளவு 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு இருக்கும்.

அடுத்தது பழம். அன்னாசி, ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழங்களில் கிருமி வேகமாகப் பெருகாது. பப்பாளி, தர்பூசணி, முலாம்பழம், சப்போட்டா, வாழை ஆகியவற்றில் புளிப்பு குறைவு. வெட்டி வெளியே வைத்தால் மும்பை வெக்கையில் இரண்டு மணி நேரமே அதிகம். முலாம்பழத்தின் சொரசொரப்பான தோலில் மண் ஒட்டியிருக்கும். கழுவாமல் வெட்டினால் கத்தியே அதை உள்ளே கொண்டுபோகும். தட்டில் முன்கூட்டியே வெட்டிக் குவித்த பழம் வேண்டாம், முழுப் பழத்தை எடுத்து வெட்டச் சொல்லுங்கள். பாலும் அப்படியே. பாக்கெட் ஃப்ரிட்ஜிலிருந்து வந்தால் சரி, காலையில் பாத்திரத்தில் ஊற்றி மேசையில் வைத்த பால் சரியில்லை. 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய பொருள் அது. கையுறையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதே கையுறையோடு காசு வாங்கினால் வெறுங்கையைக் கழுவுவதே மேல்.

பிராண்ட் கடையும் டெலிவரி ஆப்பும் காகிதத்தில் முன்னிற்கும். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கடைக்குக் கொடுக்கும் எண் 14 இலக்கம். 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்றால் சிறு கடைகளுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், மகாராஷ்டிரத்துக்கு 15. மத்திய உரிமமாக இருந்தால் 00. அதற்கடுத்த இரண்டு, வழங்கிய ஆண்டு. 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் இந்த எண் இருக்க வேண்டும். அந்த ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் எண்ணைப் போட்டால் பெயரும் முகவரியும் வரும். முகவரியைக் கட்டாயம் ஒப்பிடுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு கிளைக்கும் தனி எண் வேண்டும். அந்தேரி கிளையின் எண்ணை செம்பூரில் மாட்டினால் செல்லாது. எண் சரியாக இருந்தாலும் இன்றைய பழத்தை யாரும் சோதித்ததாக அர்த்தமில்லை.

இங்கே பழம் பெரும்பாலும் உறைந்த பையில் வரும். மைனஸ் 18 டிகிரியில் இருந்தவரை பிரச்சினையில்லை. துண்டுகள் ஒட்டி ஒரே கட்டியாக, மேலே பனிப்படலத்தோடு இருந்தால் அது உருகி மறுபடி உறைந்த பை. டெலிவரியில் கலவை பிரிந்து வந்தால் பரவாயில்லை, குலுக்கிக் குடிக்கலாம். மூடி உப்பியிருந்தாலோ திறக்கும்போது புஸ் என்று காற்று வந்தாலோ புளிக்கத் தொடங்கிவிட்டது, கொட்டிவிடுங்கள்.

பாட்டிலில் லேபிளே எல்லாம். பாஸ்சுரைஸ் செய்தது (சூடாக்கிக் கிருமி நீக்கியது) அல்லது உயர் அழுத்தத்தில் பதப்படுத்தியது என்று இருந்தால் நான்கு வழிகளிலும் பாதுகாப்பானது இதுதான். வெறும் 'கோல்டு பிரஸ்டு' என்பது பிழிந்த முறையை மட்டுமே சொல்கிறது, கிருமி நீக்கியதாகச் சொல்லவில்லை. அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துச் செய்த ஜூஸுக்கு '100 சதவீத பழச்சாறு' என்று போடக்கூடாது என 2024 ஜூனில் எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது. ஒரு கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்தால் இனிப்பூட்டியது என்று குறிப்பிடவும் வேண்டும். ஆனால் ருசி, சத்து இரண்டிலும் பாட்டில் புதிதாக அடித்ததற்கு ஈடாகாது.

பாதுகாப்போடு ருசி, சத்தையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் தீர்ப்பில் கூட்டம் ஓயாத, கண்ணெதிரே வெட்டி அடிக்கும், ஓடும் குழாய் உள்ள ஜூஸ் சென்டர்தான் முதலிடம், அதுவும் ஐஸ் இல்லாமல். பழம் தேங்காமல் தீர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம். கடை மூடும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள். அதற்கடுத்து பிராண்ட் கடையில் நேரில் நின்று வாங்குவது, அதற்கும் பிறகே ஆப். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் இந்த வரிசை மாறும், பாஸ்சுரைஸ் செய்த பாட்டில் முன்னுக்கு வரும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், கீமோ எடுப்பவர்கள் எந்த மாதமானாலும் பாஸ்சுரைஸ் செய்த பாட்டில் அல்லது வீட்டு மிக்ஸி, இரண்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குடித்துவிட்டு உடம்புக்கு வந்தால் பில், எஃப்எஸ்எஸ்ஏஐ எண், குடித்த நேரம் மூன்றையும் எடுத்து வையுங்கள். மீதி இருந்தால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத்தின் கட்டணமில்லா எண் 1800222365, எஃப்எஸ்எஸ்ஏஐக்கு 1800112100. பில் கேட்டு வாங்கும் பழக்கம் இல்லாதவர்களின் புகார் பெரும்பாலும் கடையின் பெயரோடு நின்றுவிடுகிறது.