முட்டைக்குப் பதில் ஆளி விதைப் பொடி: எங்கே கைகொடுக்கும், எங்கே கவிழ்க்கும்

கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கும் ஆளி விதைப் பொடி, முட்டையில்லாத பேக்கிங்குக்கு நல்ல பொருள்தான். ஆனால் எல்லா கேக்குக்கும் பொருந்தாது.

ஒரு முட்டைக்கு 1 டேபிள்ஸ்பூன் பொடி, 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர். கலந்து 10 நிமிடம் விட்டால் முட்டை வெள்ளைக்கரு போல வழவழப்பாகும். அவசரப்பட்டு உடனே ஊற்றினால் பொடி மாவிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், குக்கீஸ் உதிரும். பொடி நைசாக இல்லையென்றால் வாயில் நறநறக்கும். சலித்துப் பாருங்கள்.

பிரௌனி, வாழைப்பழ கேக், ஓட்ஸ் குக்கீஸ் மூன்றுக்கும் தாராளமாக வாங்கலாம். ஸ்பாஞ்ச் கேக்குக்கு வேண்டவே வேண்டாம். இந்தக் கூழ் மாவைப் பிணைக்குமே தவிர, அடித்த முட்டை போல காற்றைப் பிடித்து வைக்காது. இரண்டு முட்டைக்கு மேல் மாற்றினால் நடுப்பகுதி பிசுபிசுவென நிற்கும்.

மென்மையான வெனிலா கேக்குக்குத் தயிரே மேல். ஒரு முட்டைக்குக் கால் கப் கெட்டித் தயிர், கால் டீஸ்பூன் ஆப்பசோடா. தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் வாயு கிளம்பிவிடும் என்பதால், கலந்த கையோடு சூடான ஓவனுக்குள் போக வேண்டும். சோடா கூடினால் சோப்பு வாடை வரும்.

வாங்கும்போது சின்ன பாக்கெட்டே போதும். அரைத்த ஆளி விதை சீக்கிரம் சிக்கடிக்கும். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கசந்தால் கொட்டிவிடுங்கள், சர்க்கரை அதை மறைக்காது.